கம்பெனிக்கு மட்டும் சொல்லாத விபத்து

என் அக்கா ஒரு வேனின் பின்னால் காரை இடித்த கதை, இன்சூரன்ஸ் கம்பெனியைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெருமை முழுக்க என் அத்தானைச் சேரும்.

அக்கா ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். இருபத்து மூன்று வருஷமாக அதே ஜன்னலோரம், அதே நாற்காலி. காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு ஆட்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பாள்: "இதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தப்ப மயக்கம் வந்திருக்கா?" கேட்டே ஆக வேண்டும் என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது. பதில் வருவதற்குள் அவள் கண் அடுத்தவரின் சீட்டுக்குப் போயிருக்கும். ஒரு நாளைக்கு எண்பது பேர் என்றால் எண்பது முறையும் அதே குரல்தான்.

அந்த ஆறு மணி வேலைக்காக நான்கு மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். அத்தான் கூரியர் கம்பெனியில் மேலாளர். அவரை ஏற்றிப்போக ஆபீஸ் வண்டி வாசலுக்கே வரும். வீட்டுக் கார் பகல் முழுக்க உறை போர்த்திக்கொண்டு தூங்கும். அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகித்தான் நாற்பத்து நான்கு வயதில் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பாலிசியில் அவள் பெயரையும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவள் வேறு ஆளாக இருந்தாள். வேலை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து சாவியைச் சாப்பாட்டு மேஜை மேல் டமாலென்று போடுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வருகிறாளோ என்று நான் நினைத்ததுண்டு.

இடித்தது ஒரு சிக்னலில். முன்னால் போன சலவை வேன் சட்டென்று நின்றது. அக்கா பிரேக் போட ஒரு நொடி தாமதம். வேனின் பின்னால் இருந்த இரும்புக் கம்பியில் கீறல்கூட இல்லை. டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, நீங்கள் போங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். எங்கள் காருக்குத்தான் பம்பர் உள்ளே போய் ஒரு விளக்கு உடைந்தது.

அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்துவிடலாம் என்றாள் அக்கா. நஷ்டஈடு கேட்காவிட்டாலும் எந்த இடியையும் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் போட்டிருக்கிறது. பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவள் அவள். அத்தான் தாம்தூம் என்று குதித்தார். பதினோரு வருஷமாகக் கம்பெனியிடம் எதுவும் கேட்காதவர் என்று அவருக்குத் தள்ளுபடி உண்டு. அதைச் சொல்லி வருஷா வருஷம் வரும் கடிதங்களைப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, என்னவோ பட்டம் வாங்கியதுபோல வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் அத்தனையும் போய்விடும் என்றார். தெரிந்த டிங்கரிங் கடையில் காரை விட்டு, காதும் காதும் வைத்தாற்போலச் சரிசெய்து கொண்டுவந்தார். சாவி அவர் சட்டைப் பைக்குப் போனது அன்றுதான். கொஞ்ச நாள் போகட்டும் என்றார். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று சொல்லவில்லை. அக்கா மறுபடியும் நான்கு மணிக்கு எழ ஆரம்பித்தாள்.

காதும் காதும் வைத்ததெல்லாம் கம்பெனி விஷயத்தில் மட்டும்தான். மற்ற இடங்களில் ஒரே தம்பட்டம். மாடி வீட்டுக்காரருக்குச் சொன்னார், ஆபீஸில் சொன்னார், போனில் அழைத்தவர்களுக்கெல்லாம் சொன்னார். என் மகள் பிறந்தநாளுக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும் ஆரம்பித்தார்.

"தினமும் ஊசி குத்திப் பழகின கை பாருங்க. அன்னைக்கு ஆள் கிடைக்கலை, வேனைக் குத்திட்டா."

கூடமே சிரித்தது. அக்கா காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இந்த மனிதருக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சமா நஞ்சமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் சிரித்தவர்களில் நானும் இருந்தேன் என்பதை மறைப்பானேன்.

இடையில் ஒருநாள் சர்க்கரை பார்க்க அவளிடமே போயிருந்தேன். ஊசியைச் சிகரெட் பிடிப்பதுபோல இரண்டு விரலுக்கு நடுவில் வைத்திருந்தாள். "என்னக்கா, புது ஸ்டைலா?" என்று கிண்டல் செய்தேன். இப்போது இப்படித்தான் வசதி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஏழு மாதம் இப்படியே ஓடியது. பாலிசி புதுப்பிக்கும் படிவம் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே இருந்தேன். அத்தான் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். கடந்த ஆண்டில் விபத்து ஏதும் நடந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டார். அதே பேனாவால், காரை ஓட்டுகிறவர்கள் பட்டியலில் இருந்த அக்காவின் பெயரை அடித்தார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து படிவத்தைப் பார்த்தாள்.

"நடக்காத விபத்துக்கு என் பேரை எதுக்கு அடிக்கிறீங்க?"

அத்தானுக்குப் புரியவில்லை. எனக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஒண்ணு, நான் இடிச்சேன்னு எழுதுங்க. இல்லைன்னா சாவியைக் குடுங்க."

ரெண்டும் ஒண்ணா என்று கேட்டார் அவர். அப்புறம் விதண்டாவாதம் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, உங்கள் அக்காவுக்கு நீங்களாவது சொல்லக்கூடாதா என்றார். நான் என் பைக்குள் எதையோ தேடினேன். அக்கா துணிக்கே திரும்பிப் போனாள். மிச்சத் துணியை மடித்து முடித்தாள்.

மறுநாள் மத்தியானம் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். போடுவதற்குச் சாவி இல்லாததால் கைப்பையை மேஜை மேல் வைத்தாள். கம்பெனியைப் போனில் கூப்பிட்டுத் தரச் சொன்னாள். அத்தான் சாமியாடிவிடுவார், தள்ளுபடி போகும், இவ்வளவு நாள் கழித்துச் சொன்னதற்கு இன்னும் என்னென்ன கேட்பார்களோ, தேவையா இது என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"நடந்துச்சுன்னு ஒரு இடத்துலயாவது ஒழுங்கா எழுதியிருக்கட்டும்" என்றாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன். பதினைந்து நிமிஷம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது. இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். பாலிசி எண், கார் எண், தேதி, நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஓட்டியது யார் என்றாள். "நான்தான்" என்றாள் அக்கா, கொஞ்சம் உரக்கவே. விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், அதே குரலில், அதே வேகத்தில் கேட்டாள்.

"இந்த விபத்துல உங்களுக்கு அடி ஏதாவது பட்டுச்சா மேடம்?"

அக்கா மேஜை மேல் இருந்த போனையே பார்த்தாள். லைன் அறுந்துவிட்டதோ என்று அந்தப் பெண் "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

"கட்டைவிரல்" என்றாள் அக்கா. "வலது கை. ஸ்டியரிங்ல மடங்கிடுச்சு. இன்னும் சரியா மடக்க வரலை."

வலது கட்டைவிரல். ரத்தம் எடுக்கிறவளுக்கு. ஏழு மாதமாக எண்பது எண்பது பேருக்கு அந்த விரல் இல்லாமல் ஊசி குத்தியிருக்கிறாள். பம்பருக்கு என்ன ஆனது என்று கேட்டிருக்கிறோம், விளக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறோம், வேன்காரன் என்ன சொன்னான் என்று கேட்டுச் சிரித்திருக்கிறோம். அத்தானை விடுங்கள். கூடப்பிறந்தவள் நான், ஊசியை அவள் பிடித்த விதத்தைக் கண்ணால் பார்த்து ஸ்டைலா என்று கேட்டவள்.

அந்தப் பெண் பதிவு எண்ணைச் சொன்னாள். தாமதமாகத் தெரிவித்ததும் பதிவாகும், தள்ளுபடி பற்றிக் கடிதம் வரும் என்றாள். வேறு உதவி வேண்டுமா என்று கேட்டு வைத்துவிட்டாள். அக்கா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அது எதிர்ல தாளை வச்சுக்கிட்டு கேக்கிற கேள்விடி" என்றாள். "நானும் தினமும் கேக்கிறவதானே, எனக்குத் தெரியாதா?"

கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இருந்தாலும், அந்தப் பொண்ணு கேட்டுச்சு பாரு."

நான் அவள் முன்னால் போய் நின்று, கையைக் காட்டு, விரலைப் பார்க்கிறேன் என்றேன். அவள் வலது கையைப் பையின் வாருக்குள் விட்டுக்கொண்டாள்.

"நேரமாச்சு" என்றாள். "ரெண்டு பஸ் மாறணும்."