மோட்டாருக்கு ஒரு செல் நம்பர்

கணுக்கால் எலும்பு விரிசல் விட்டதால்தான் நான் ஒரு மாதம் ஒரே கூரைக்குக் கீழே கிடந்தேன். அதற்கு முன் அப்படிக் கிடந்ததாக நினைவில்லை. ஒன்பதாம் வகுப்பை முடிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். பம்பாயில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். லாரி கிளீனராகப் போனபோது காய்ச்சல் கண்டது. நாக்பூருக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்துக் கிடந்து பிழைத்தேன். கடைசியில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஒட்டிக்கொண்டேன். அந்தக் கடையின் போர்டை நிமிர்த்தி மாட்ட ஏணியில் ஏறியவன், ஏணியைவிடச் சற்று முன்னதாகத் தரைக்கு வந்து சேர்ந்தேன்.

மாவுக்கட்டுப் போட்டு, குஜிலியம்பாறைப் பக்கம் இருந்த அக்கா வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். சென்டர் முதலாளி ஒரு பழைய கம்ப்யூட்டரையும் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். நல்ல மனசு என்று சொல்லலாம். அதை வைக்க அவரிடம் இடமில்லை என்றும் சொல்லலாம்.

சென்டருக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர்களிடம் பார்த்துப் பார்த்து, புரோகிராம் எழுத அரைகுறையாகக் கற்றிருந்தேன். முதல் வேலையாக என் வாழ்க்கையை ஒழுங்குபடுத்த ஒரு புரோகிராம் எழுதினேன். எழுவது, பல் விளக்குவது, இங்கிலீஷ் படிப்பது, மத்தியானத் தூக்கம் என்று எல்லாவற்றுக்கும் நேரம் போட்டேன். நேரம் வந்தால் பெட்டி கத்தும். எழுந்து நடக்கவே முடியாதவனுக்குக் கால அட்டவணை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இங்கிலீஷ் நேரத்துக்கு மட்டும் 'அப்புறம்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அந்தப் புரோகிராமில் பிழையே இல்லாமல் வேலை செய்தது அந்தப் பொத்தான்தான்.

அடுத்து, அக்காவுக்காகச் சாயங்கால ஜெபத்துக்கு மணியடிக்க ஒரு புரோகிராம். கம்ப்யூட்டரின் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடியது.

"மாதா கோயில் மணிக்கு முந்தி உன் பொட்டி அடிக்குது," என்றாள் அக்கா. "சாமியார் காதுல விழுந்தா என்ன நெனப்பாரு? அத அமுத்துலே."

"மாதா கோவிச்சுக்க மாட்டாக்கா."

"மாதா கோவிக்காது. சாமியாரு கோவிப்பாரு."

அதை அமுக்கிவிட்டு, மச்சானுக்கு ஏதாவது செய்யலாம் என்று முறை பார்க்கும் புரோகிராமுக்கு வந்தேன்.

முறை என்றால் கிணற்று முறை. மச்சானும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். வீடு, நிலம், மாடு, அண்டா குண்டா எல்லாம் பிரித்தாயிற்று. கிணற்றைப் பிரிக்க வழியில்லை. அதனால் ஒரு நாள் தம்பி, மறுநாள் அண்ணன் என்று தண்ணீர் எடுத்தார்கள். மோட்டார் அறை ஒன்று, உள்ளே ஆளுக்கொரு மோட்டார். பாகம் பிரித்தபோது ஏதோ வார்த்தை தடித்து, பல வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. ஆனால் முறை ஒரு நாளும் பிசகியதில்லை. மச்சானின் மல்லிகைச் செடி துவண்டு நின்ற வெயிலிலும் அண்ணன் நாளில் அவர் சுவிட்சைத் தொட்டதில்லை.

"தண்ணியத் திருடுனான்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாது மாப்ள," என்பார். ஊரில் அவருக்கிருந்த ஒரே பெருமை அது. வேறு பெருமை வைத்துக்கொள்ள வசதியில்லை.

என் புரோகிராம் மச்சானின் நாளென்றால் திரையைப் பச்சையாக்கும், அவர் அண்ணன், அதாவது பெரியவர், நாளென்றால் சிவப்பாக்கும். அந்த வீட்டில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருந்தாலும் மச்சான் காலையில் வந்து திரையைப் பார்த்து, "சரியாத்தான் சொல்லுது," என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

அவருடைய உண்மையான தொல்லை கரண்ட். மோட்டார் ஓட்டுகிற மும்முனைக் கரண்ட் பகலில் சில மணி நேரம்தான் வரும். எப்போது வரும் என்று அனுப்புகிறவர்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். மற்ற தோட்டங்களில் 'ஆட்டோ' என்று ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடும். எங்கள் கிணற்றில் ஆட்டோ கூடாது என்பது அண்ணன் தம்பி ஒப்பந்தம். யாருடைய முறை என்று பெட்டிக்குத் தெரியாதல்லவா? அதனால் தன் முறை நாளில் மச்சான் விடிந்ததிலிருந்து மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்திருப்பார். வேறு வேலைக்குப் போக முடியாது.

"மச்சான், கரண்ட் வந்ததும் உங்களுக்கு மிஸ்டு கால் வர்ற மாதிரி செய்யலாம். நீங்க திருப்பிக் கூப்பிட்டா ஓடும். இன்னொரு தடவ கூப்பிட்டா நிக்கும்," என்றேன்.

"யாரக் கூப்பிட்டா?"

"மோட்டார."

அவர் என் மாவுக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன் மாப்ள, அடி கால்லதான பட்டுச்சு?"

பிறகு யோசித்துவிட்டு, "இது ஆட்டோ ஆயிராதுல்ல?" என்று கேட்டார்.

"ஆகாது. நீங்க கூப்பிட்டாத்தான் ஓடும். கூப்பிடலேன்னா சும்மா கெடக்கும்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது.

என்னிடம் உடைந்த செல்போன் ஒன்று இருந்தது. அதன் பச்சைப் பொத்தானுக்கு அடியில் இரண்டு ஒயரைப் பற்றவைத்தேன். கரண்ட் வந்தால் அந்தப் பொத்தான் தானாக அமுங்கி மச்சானுக்கு ரிங் போகும். போனுக்குள் அதிர்கிற குட்டி மோட்டாரிலிருந்து கிணற்று மோட்டாரின் சுவிட்சுக்கு இன்னும் இரண்டு ஒயர். அழைப்பு வந்து அது அதிர்ந்தால் பெரிய மோட்டார் கிளம்பும், அடுத்த அழைப்புக்கு நிற்கும். மச்சான் என்னை மொபெட்டில் உட்கார்த்தி, கட்டுக்காலை வாழைத்தார் போல ஒரு பக்கம் நீட்டவைத்து, மோட்டார் அறைக்குக் கொண்டுபோனார். போனை அவர் மோட்டாருக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டேன்.

முதல் முறை நாளில் மச்சான் டீக்கடையில் இருந்தபோது கரண்ட் வந்தது. திருப்பிக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் ஓடிப்போய்ப் பார்த்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் போனுக்குப் பக்கத்தில் ஒரு மாதா படத்தை மாட்டிவிட்டு வந்தார். அதன் பிறகு முறை நாளிலும் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

ஒரு குறை இருந்தது. பெரியவர் நாளிலும் கரண்ட் வந்தால் போன் மச்சானைக் கூப்பிடும். எந்த நாள் யாருடையது என்று அக்கா வீட்டு மேசையில் இருந்த கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஆணியில் தொங்கிய போனுக்குத் தெரியாது. சரி செய்கிறேன் என்றேன்.

"எதுக்கு? நான் திருப்பிக் கூப்பிடாம இருந்தாப் போதும்ல," என்றார் மச்சான்.

அன்று பெரியவர் முறை. இரண்டு நாளுக்கு முன்தான் ஆள் விட்டு மிளகாய் நாற்று நட்டிருந்தார். நட்ட மூன்றாம் நாள் விடுவதற்கு உயிர்த்தண்ணீர் என்று பெயர். அது கிடைக்காவிட்டால் நாற்று போய்விடும். மச்சான் மல்லிகைக்கு மருந்து வாங்கத் திண்டுக்கல் போயிருந்தார். வீட்டுக்கிருந்த ஒரே செல்போன் சார்ஜில் கிடந்தது. நான் என் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டு மத்தியானத் தூக்கத்தில் இருந்தேன்.

வாசலில் இருமல் கேட்டு விழித்தேன். பெரியவர் வெளியே வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டுப் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. அக்கா அவருக்கு எதிரேதான் நின்றாள். அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக என்னிடம் பேசினார்.

"ஏலே அப்பு, அங்க ஒரு மோட்டார் ஓடுது. இன்னைக்கு யாரு முறைன்னு இந்த வீட்டுல கேட்டுச் சொல்லு."

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். திரை பளிச்சென்று சிவப்பாக இருந்தது.

"அக்கா, செல்லுல யாரும் கூப்பிட்டாங்களா?"

"ஒரு மிஸ்டு கால் வந்துச்சு. வந்தா திருப்பிக் கூப்பிடாம இருக்க முடியுமா? கூப்பிட்டேன், ரிங் போகுது, எடுக்கல. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கல. மூணாவது வாட்டியும் கூப்பிட்டுட்டு, மரியாத தெரியாத ஆளுன்னு வச்சுட்டேன்."

முதல் அழைப்புக்கு ஓடி, இரண்டாவதுக்கு நின்று, மூன்றாவதுக்கு ஓட ஆரம்பித்திருக்கிறது.

"அது மோட்டார்க்கா."

"நம்ம முறை இல்லாதப்ப மோட்டாரு எதுக்குலே நம்மளக் கூப்பிடுது?"

அந்த வீட்டில் மோட்டாரும் முறை தவறாது என்று அவள் நம்பியிருக்கிறாள். செல்போனைப் பிடுங்கி நான்காவது முறை கூப்பிட்டேன். "இப்ப நின்னுருக்கும்," என்றேன் பெரியவரிடம். அவர் என்னைச் சித்தம் கலங்கியவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பார்த்த ஒடனே நீங்களே நிப்பாட்டியிருக்கலாமே?"

"அடுத்தவன் சுவிட்ச நான் தொடவா?" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் கிணறு வற்றியிருந்தது. ஊறுவதற்கு மறுநாள் ஆகும்.

சாயங்காலம் மச்சான் வந்தார். அக்கா சொன்னாள். அவர் அவளையும் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. "நாத்து?" என்று மட்டும் கேட்டார். வாடிவிட்டது என்றேன். மருந்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். அதற்குள் டீக்கடையில் பேச்சு கிளம்பியிருந்தது. தம்பிக்காரன் செல்லு வச்சுத் தண்ணி திருடுறான் என்று.

"மாப்ள, நாளைக்கி என் முறை. அந்தத் தண்ணிய எடுத்துக்கிறச் சொல்லு," என்றார்.

கம்பை ஊன்றிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பினார். "அவன் நாள்ல நான் எடுத்தா அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வேணாம்னு சொல்லு."

அதையும் கொண்டுவந்து சொன்னேன். இரண்டு கால் உள்ளவர்கள் பேசிக்கொள்ளாததால் ஒன்றரைக் கால்காரன் நடந்துகொண்டிருந்தேன்.

காலையில் மச்சான் மண்வெட்டியோடு மோட்டார் அறைக்குப் போனார். என்னையும் மொபெட்டில் வைத்துக்கொண்டார். கரண்ட் வந்ததும் தன் மோட்டாரைத் தன் கையால் போட்டார். பிறகு வரப்பை வெட்டி, தன் வாய்க்காலை அண்ணன் மிளகாய்க்குத் திருப்பினார். பெரியவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் முதல் பாத்தியை நிறைத்து வழிந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. இறங்கி மடை மாற்ற ஆரம்பித்தார். தலைமடையில் தம்பி, கடைமடையில் அண்ணன்.

"கடைசிப் பாத்திக்கு ஏறல," என்றார் பெரியவர், தண்ணீரைப் பார்த்து.

மச்சான் ஓர் உடைப்பை மண் போட்டு அடைத்தார். கடைசிப் பாத்திக்கு ஏறியது. வெயில் அதிகம் வாங்கிய ஓரத்து நாற்றுகள் போய்விட்டன. மற்றவை சாயங்காலத்துக்குள் தலை நிமிர்ந்தன.

கால் கழுவிக்கொண்டு பெரியவர் மோட்டார் அறைக்குள் வந்து, ஆணியில் தொங்கிய போனைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏலே அப்பு, இது எனக்கும் கூப்பிடுமா?"

"கடைசியா இதுலேருந்து யார் நம்பர அடிச்சமோ, அந்த ஆளத்தான் கூப்பிடும்."

"மோட்டார ஓட்டுற சோலி இதுக்கு வேணாம். கரண்ட் வந்தத மட்டும் சொல்லட்டும். அவனவன் வந்து அவனவன் சுவிட்சப் போடட்டும்." வெளியே நின்ற மச்சானுக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

மச்சான் என்னிடம், "சரின்னு சொல்லு," என்றார்.

என் கண்டுபிடிப்பில் பாதியை நானே கத்தரித்தேன். மிச்சமிருந்தது வெறும் அழைப்பு மணி. ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அன்றைய முறைக்காரர் சாயங்காலம் கிளம்புமுன் அந்தப் போனிலிருந்து மறுநாள் முறைக்காரருக்கு ஒரு ரிங் விட வேண்டும். அப்போதுதான் மறுநாள் கரண்ட் வந்ததும் போன் சரியான ஆளைக் கூப்பிடும்.

அன்று மச்சான் வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "ஒங்க அண்ணன்கிட்டப் பேசுனீகளா?"

"பேசல. ரிங் விட்டேன்."

"எடுத்தாரா?"

"எடுத்தா என்னத்தப் பேசுறது? அதுக்குள்ள கட் பண்ணிட்டேன்."

மறுநாள் சாயங்காலம் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த செல்போன் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. அக்கா பழக்கத்தில் கையை நீட்டினாள்.

"விடு," என்றார் மச்சான். "விசயம் வந்துருச்சு."