திங்கள், புதன், வெள்ளி

இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில், வெளிநாட்டு வேலைக்கு அனுப்பப்படுகிறவர்களைக் கவனிப்பது என் பொறுப்பு. ஆறு மாதம் ஜப்பானுக்குப் போன சரவணனுக்குக் குளிர்சட்டை முதல் காப்புறுதி வரை எல்லாம் செய்துகொடுத்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று பெருமை வேறு.

இரண்டாம் மாதமே அங்கிருந்து புகார் வந்தது. திங்கள், புதன், வெள்ளி காலையில் வேலையை விட்டுவிட்டு ஃபோனோடு வெளியே போய்விடுகிறாராம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழைத்துத் திட்டினேன். "இப்படியே செஞ்சா திரும்பி வந்துருங்க!"

சரவணன் சொன்னார்:

"அம்மாவுக்கு டயாலிசிஸ், அக்கா. வீட்டுல வேற யாரும் இல்ல. ஒவ்வொரு தடவையும் அவங்க ஆஸ்பத்திரிக்குப் போக இங்கேருந்துதான் ஃபோன்ல காடி தேடுறேன் லா."

அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அடுத்த புதன்கிழமை பக்கத்து ஊரான தஞ்சோங் ரம்புத்தானில் அவர் வீட்டு வாசலில் என் காரை நிறுத்தினேன். அம்மா ஏறி உட்கார்ந்ததும் மகனை அழைத்தார்.

"ஒங்க ஆபீஸ் அக்கா வந்துட்டாங்கய்யா. நீ ஃபோன வச்சிட்டு வேலையப் பாரு."

மற்ற இரண்டு நாளுக்கும் ஆபீஸில் இருவர் தாங்களாகவே முன்வந்தார்கள். இப்போதெல்லாம் யாரை அனுப்பினாலும், வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கேட்கிறேன்.