ஒரு புத்தகத்துக்கு ஒரு வரி

டிசம்பர் பிறந்தால் எங்கள் பத்திரிகையின் உதவி ஆசிரியர் காலில் சக்கரம் கட்டிக்கொள்வார். அந்த ஆண்டு வந்த புத்தகங்கள், விருது வாங்கியவர்கள், மறைந்த எழுத்தாளர்கள், மூச்சை நிறுத்திய சிற்றிதழ்கள் எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் அடைப்பது அவர் பொறுப்பு. அந்தப் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை.

மனிதர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரே மாலையில் மூன்று வெளியீட்டு விழாக்களில் தலைகாட்டுவார். எதிலும் நன்றியுரை வரை இருக்க மாட்டார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டும். படித்து எழுத நேரம் ஏது? பின்னட்டையிலிருந்து பாதி, வாழ்த்துரையிலிருந்து மீதி. எழுத்தாளர்களோ, தங்கள் மனதைத் தொட்டுவிட்டதாகப் போன் செய்து உருகுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அந்த வருடம் அவர் மனைவியின் முதல் நாவல் அச்சில் இருந்தது. தையல் வகுப்பு நடத்திக்கொண்டே எட்டு வருடமாக எழுதியது. அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. இவர்தான் அது பட்டியலில் வந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் கைக்கு வராத புத்தகத்தை நாங்கள் சேர்ப்பதில்லை. பக்கம் முடிக்கும் நாளன்று பைண்டிங் கடைக்கும் அலுவலகத்துக்குமாக நாயாய் அலைந்து, மாலையில் பசை காயாத ஒரு பிரதியோடு வந்து சேர்ந்தார். தலைப்பு, பதிப்பகம் எல்லாம் அடித்துவிட்டேன். அந்த ஒரு வரிதான் பாக்கி.

பின்னட்டையைத் திருப்பினார். வெறும் நீலம். முன்னுரை இல்லை, விழாவும் இன்னும் நடக்கவில்லை. என் மேசையில் போனை வைத்து, ஸ்பீக்கரில் மனைவியை அழைத்தார்.

"நாவல் எதைப் பத்தினதுன்னு ஒரு வரி சொல்லேன். பக்கம் அச்சுக்குப் போகணும்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"நம்ம சாப்பாட்டு மேசையிலதான் இத்தனை வருஷமும் எழுதினேன். படிச்சுட்டு எழுதுங்க. இல்லைன்னா விட்டுடுங்க."

அவர் போனை வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்தார். அச்சகத்திலிருந்து விடாமல் நச்சரித்தார்கள். நான் கூப்பிட்டதற்கெல்லாம் கையை மட்டும் அசைத்தார். வேறு வழியில்லாமல், அந்த நாவலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்தை அனுப்பினேன். எங்கள் பத்திரிகையைப் பொறுத்தவரை, அந்த ஆண்டில் அப்படி ஒரு நாவல் வரவே இல்லை.

நான் அதைச் சொன்னபோது குதிப்பார் என்று பயந்தேன். காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மறுபடியும் ஸ்பீக்கரில் மனைவியை அழைத்தார்.

"நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு ஓடுற ஆள் ஒருத்தன் வர்றானே, அது நானா?"

"மேல படிங்க," என்றார் அண்ணி. "அவன் பொண்டாட்டி வீட்டை விட்டுப் போறது கடைசி அத்தியாயத்துலதான்."