வால் நட்சத்திரத்துக்கு ஒரு விண்ணப்பம்

எங்கள் மாட்டுங்கா குடியிருப்புச் சங்கத்தின் தீர்மானம் இப்படிச் சொல்கிறது: மொட்டை மாடிச் சாவி வேண்டும் உறுப்பினர், நோக்கத்தைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பம் கிடைத்த மூன்று நாட்களுக்குள் செயலாளர் பதில் தர வேண்டும். தெளிவான வாசகம். நான் செயலாளராக இருந்தபோது நானே எழுதியது. மாடியில் அப்பளம் உலர்த்துவதை முன்னிட்டு இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்ட வருஷம் அது.

2024 அக்டோபரில், மழை விலகிய வாரத்தில், சூரியன் மறைந்ததும் மேற்கே ஒரு வால் நட்சத்திரம் பத்து நாள் போலத் தெரியும் என்றார்கள். எங்கள் ஜன்னல்கள் எல்லாம் கிழக்குப் பார்த்தவை. அன்றே விண்ணப்பித்தேன். படிவத்தில் நோக்கத்துக்கு நான் அச்சிட்டிருந்தவை திருமணம், பூஜை, பழுதுபார்த்தல். ‘இதர’ என்பதற்கு எதிரே ‘வால் நட்சத்திரம்’ என்று எழுதினேன்.

என் மனைவி பள்ளியில் பூகோளம் கற்பித்தவள். முப்பது வருஷம் கரும்பலகையில் வால் நட்சத்திரம் வரைந்தாள். ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. தொண்ணூற்றேழில் பிரமாதமான ஒன்று வந்து வாரக்கணக்கில் நின்றது. என் அலுவலகத்தில் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. நாளைக்குப் போகலாம் என்று தினமும் சொன்னேன். அதுவும் எத்தனை நாள்தான் நிற்கும்?

இப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை தீபாவளிக்குப் பிறகு. அதற்குள் வால் நட்சத்திரம் போய்விடும். மங்கலான எதுவும் வானத்தில் அவளுக்குத் தெரியாது. நான் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினால்தான் உண்டு. இணையத்தில் வந்திருந்த படங்களைக் காட்டினேன்.

“அடுத்தவா எடுத்த படம் பாடப் புஸ்தகத்துலேயே இருந்ததே,” என்றாள்.

மூன்று நாள் கழிந்தது. நான்காம் நாள் செயலாளரைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன். விண்ணப்பம் கமிட்டியின் முன் வைக்கப்படும், கமிட்டி தீபாவளிக்குப் பின் கூடும் என்று பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவையும் என்னிடம்தான் கற்றிருப்பார். அன்று மாலை தாதர் கடற்கரைக்குப் போனோம். விளக்கு வெளிச்சத்தில் படமெல்லாம் வெளுத்துப்போயின. வீடு திரும்பும்போது காமிராப் பையின் வாரும் அறுந்தது.

மறுநாள் பையைத் தாராவியில் ஒரு தோல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது இளையவர். தைத்துக்கொண்டே கதையைக் கேட்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

“வானத்தைப் பாக்கதுக்கா மனு போட்டிய? நம்ம மாடிக்கு வாங்க சார், பூட்டே கிடையாது. அக்காவையும் கூட்டிட்டு வாங்க.”

மாலையில் போனோம். மாடிக்கு இரும்பு ஏணி. அவள் ஏன் ஏறக்கூடாது என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் மேலே போயிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டிகளுக்கு அப்பால், மாஹிம் பக்கம் வானம் ஆரஞ்சாகத் திறந்து கிடந்தது. மேகம் இல்லை, எனக்கு வால் நட்சத்திரமும் தெரியவில்லை.

“வெள்ளி தெரியறது, பூ மாதிரி விரிஞ்சு,” என்றாள். “கையை நீட்டி, அதுக்கு வலப் பக்கம் ஒரு சாண் அளங்கோ. கொஞ்சம் மேலே.”

அளந்தேன். முக்காலியில் காமிராவைத் திருப்பி, நான்கு நொடி திறந்து வைத்து எடுத்தேன். திரையில் ஒரு நட்சத்திரமும் புள்ளியாக விழவில்லை. எல்லாம் புழுவாக நெளிந்திருந்தன. கீழே பத்துத் தையல் மெஷின்கள். தீபாவளிப் பரிசுக்கான பர்ஸ்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள், தளமே அதிர்ந்தது. நான் முக்காலியை மடக்கத் தொடங்கினேன். நாளைக்கு வரலாம் என்றேன். தொண்ணூற்றேழிலும் அதைத்தான் சொன்னேன்.

பட்டறைக்காரர் திரையைப் பார்த்தார். ஏணி வாயிலில் குனிந்து மெஷினை நிறுத்தச் சொன்னார். கீழிருந்து ஒருவர் நாளைக்குக் கொடுக்கவேண்டிய சரக்கை நினைவூட்டினார்.

“சரக்கு எங்கயும் ஓடாதுலே. நிறுத்து.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கால் கட்டைவிரலைக்கூட அசைக்காமல் நின்று எடுத்தேன். பெரிதாக்கி அவளிடம் கொடுத்தேன். மூக்கில் இடிக்கிற அளவுக்குக் காமிராவை அருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“வால் மேல் பக்கமா இருக்கு,” என்றாள். “சூரியனுக்கு எதிர்ப் பக்கம். சரியாத்தான் சொல்லிக்குடுத்திருக்கேன்.”

பிறகு தொழிலாளர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்து பார்த்தார்கள். மெஷின்கள் திரும்ப ஓட அரை மணி ஆயிற்று. நோக்கம் என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சங்கத்தின் கடிதம் வந்தபோது அவளுக்கு இரண்டு கண்களும் சரியாகியிருந்தன. உறையை என்னிடம் தராமல் அவளே பிரித்து உரக்க வாசித்தாள். மொட்டை மாடியில் வால் நட்சத்திரம் வைத்துக்கொள்ளச் சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் உறுப்பினர் தம் பொறுப்பில் அதை அகற்றி, இடத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும். சிரித்து ஓய்ந்தபின், ரப்பர் முத்திரைக்குள் மை காய்ந்து மங்கலாக விழுந்திருந்த தேதியையும் வாசித்தாள்: டிசம்பர் பதினாறு.