குழந்தையைத் தூக்க மறுத்த ஜிப்சி

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில் ஒன்றில் காதர் தறி பிட்டர். ஆள் நல்ல உயரம், சுருட்டை முடி, கிளிமூக்கு. இவை போதுமென்று லேபர் ஆபீசர் கண்ணபிரான் அவனை ஜிப்சியாக்கிவிட்டார்.

கண்ணபிரானுக்குப் பழைய ஆங்கில நாவல்கள் என்றால் உயிர். வருடத்துக்கு ஒன்றைத் தமிழ் நாடகமாக்கி மில் ஆண்டு விழாவில் போட்டுவிடுவார். எந்த நாவலை எடுத்தாலும் ஊருக்கு வெளியே ஒரு ஜிப்சிக் கூட்டம் கூடாரம் அடித்திருக்கும். ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போகும் ரோமா மக்களைத்தான் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பார். முதல் வருடம் காதர் குதிரை திருடினான். அடுத்த வருடம் வெள்ளிக் கரண்டி. அதற்கடுத்து, கைரேகை பார்த்துப் பொய் சொல்லி ஒரு சீமாட்டியை அழவைத்தான். 1988-இல் பிரபுவின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

"எல்லாப் புஸ்தகத்துலயும் அவிய களவாணிகதானா சார்?"

"எழுதுனவன் எவனும் அவிய கூடாரத்துல ஒக்காந்து ஒரு வாய் டீ குடிச்சதில்லலே. தூரத்துல நின்னு பயந்துக்கிட்டே எழுதுனது. நீ வசனத்தப் பாடம் பண்ணு."

அந்த வருடம் பார்த்துத்தான் காதருக்குப் பெண் பேசினார்கள். பெண் அசீனா, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் விறகுக்கடை வைத்திருக்கும் மதார் சாகிப்பின் மகள். பையன் குணம் பார்க்க நாடகத்துக்கே வருவதாக அவர் சொல்லியனுப்பினார். பிறந்ததிலிருந்து நாடகமே பார்க்காத மனிதர். அவர் கண்ணெதிரே பிள்ளை திருடினால் நிக்காஹ் நடக்குமா?

காதர் ரயில்வே ஸ்டேஷனில் ஊசியும் பாசிமணியும் விற்கும் நரிக்குறவர் சமுத்திரத்திடம் போய் நின்றான்.

"அண்ணே, ஒங்களையும் புள்ள புடிக்கிறவுகன்னு சொல்லுதாங்களே, நெசமா?"

சமுத்திரம் சிரித்துவிட்டார். "எனக்கே நாலு கெடக்கு சாமி. கஞ்சி ஊத்தி மாளல. வேணும்னா ஒண்ண நீ தூக்கிட்டுப் போ."

காதருக்கு வழி பிறந்துவிட்டது.

விழா அன்று முன்வரிசையில் மதார் சாகிப். மேடையில் தொட்டில், அதில் பேண்டேஜ் சுற்றிய பஞ்சுக் குழந்தை. பக்கத்தில் சீமாட்டி தூங்குகிறாள். அதாவது கொசுவலைக் கவுன் மாட்டிய மில் தொழிலாளி கருத்தப்பாண்டி. பதுங்கி வந்த காதர் தொட்டிலை எட்டிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"இந்தப் புள்ள எனக்கு எதுக்கு? எனக்கே வீட்ல நாலு கெடக்கு!"

கதை அங்கேயே படுத்துவிட்டது. பிள்ளை காணாமல் போனால்தானே பிரபு அழ முடியும்? சீமாட்டி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். படுதாவுக்குப் பின்னாலிருந்து கண்ணபிரான், "தூக்குலே, தூக்கு!" என்று பல்லைக் கடித்தார்.

முன்வரிசையில் மதார் சாகிப் எழுந்துவிட்டார். "நாலா? பொண்ணு கேட்டு வந்தப்ப ஒண்ணுகூடச் சொல்லலியே!"

"மாமா, அது எம் புள்ளைக இல்ல! ஸ்டேஷன் சமுத்திரம் புள்ளைக!"

"அடப்பாவி, அடுத்தவன் புள்ளைகளையா வீட்ல வச்சிருக்க?"

விசில் பறந்தது. கருத்தப்பாண்டி கவுனைத் தூக்கிப் பிடித்தபடி மேடை ஓரத்துக்கு வந்தான். "பாய், அவனுக்குக் கல்யாணமே ஆகல. வருசா வருசம் இவனக் களவாணியாப் போட்டுப் போட்டு, இந்த ஊர்ல ஒருத்தனும் பொண்ணு தர மாட்டேங்கான். புள்ள, பிரபு, நான், அம்புட்டும் நாடகம்."

மதார் சாகிப் அந்தச் சீமாட்டியின் மீசையைச் செத்த நேரம் உற்றுப் பார்த்தார். "களவும் நாடகந்தானா?"

"ஆமா பாய்."

"அப்பொறம் ஏன் நிக்கான்? தூக்கச் சொல்லு. பொழுது போகுதுல்லா?"

வருங்கால மாமனாரின் சம்மதத்தோடு காதர் குழந்தையைத் திருடிக்கொண்டு ஓடினான். முதலில் கைதட்டியவர் மதார் சாகிப்தான். படுதாவுக்குப் பின்னால் மூச்சு வாங்கியபடி காதர், "கடைசியில ஜிப்சியக் களவாணியாவே ஆக்கிட்டனே சார்," என்றான்.

"ஜிப்சி முக்கியமாலே, அசீனா முக்கியமா?"

காதர் பஞ்சுக் குழந்தையைத் தரையில் மெதுவாகக் கிடத்தினான்.

"அசீனாதான் சார்," என்றான். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.