பல்வலிக்கு வேப்பிலை அடித்தார்கள்

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். இருந்தாலும் இந்தக் கோபத்தை எழுதாமல் விட மனசில்லை.

போன ஆடியில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. பகலில் தறியில் உட்கார்ந்தால் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி பாயில் படுத்தால் தாடையையே பிடித்து முறுக்கும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும்.

இதைப் பார்த்துவிட்டு என் நாத்தனார் என் மகனிடம், "டேய், உங்கம்மா பகல்லாம் நல்லா தறி ஓட்டிகினு இருக்கா, இருட்டினா கத்துறா. இது பல்வலி இல்லடா, காத்து புடிச்சிகினு இருக்குது" என்றாள். படித்த பிள்ளை, அவனும் "ஆங் அத்தே" என்று ஒரு பூசாரியை அழைத்து வந்துவிட்டான்.

அந்த ஆள் வீங்கிய கன்னத்திலேயே வேப்பிலையால் அடித்து, "யாரு நீ? சொல்லு!" என்றான்.

"உங்கப்பனைப் பெத்தவடா!" என்று கொத்தைப் பிடுங்கி அவனை ரெண்டு போட்டேன்.

"பாத்தியா, பேய்தான் பேசுது" என்றாள் நாத்தனார்.

விடிந்ததும் யாரையும் கேட்காமல் அரக்கோணத்துக்கு ரயில் ஏறினேன். பல் டாக்டர் சீழை எடுத்துவிட்டு, "படுத்தா ரத்தம் தலைப்பக்கம் ஏறும்மா, சீழ் வச்ச பல்லுல அழுத்தம் கூடும். பகல்ல கவனம் வேலையில போயிடுது. இன்னும் விட்டிருந்தா வீக்கம் கழுத்துக்கு எறங்கி மூச்சையே அடைச்சிருக்கும்" என்றார்.

அடைத்திருந்தால் அந்தப் பழியையும் பேய் தலையில்தான் போட்டிருப்பார்கள்!

இப்போது எங்கள் தெருவில் யாருக்கு ராத்திரி பல் வலித்தாலும், தலையை உயர்த்திச் சாய்ந்து படுக்கச் சொல்கிறேன். விடிந்ததும் டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். போன வாரம் நாத்தனாருக்கே கன்னம் வீங்கியது. "வேப்பிலை ஒடிச்சிகினு வரட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் தலையணையைக் கொடுத்தேன்.