நம்பாமல் இருக்கவும் ஓர் ஊர் வேண்டும்

காலை எட்டரைக்கு ஆய்வகத்தைத் திறந்ததும் மகேஸ்வரி முதலில் செய்வது, இயந்திரத்தின் நெற்றியில் பொட்டு வைப்பது. துணியின் நிறத்தை எண்ணாக மாற்றிச் சொல்லும் இயந்திரம் அது. ஸ்பெக்ட்ரோ என்று செல்லமாக அழைப்போம். இரண்டு சிவப்புகளுக்கு இடையில் மனிதக் கண்ணுக்குத் தட்டாத வித்தியாசத்தையும் புள்ளி வைத்துச் சொல்லிவிடும். அதன் தலையில் நேராகக் குங்குமம் வைக்கமாட்டார் மகேஸ்வரி. செல்லோ டேப்பில் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, அதன் மேல்தான் வைப்பார். தூள் உதிர்ந்து லென்ஸுக்குள் போனால் அளவு கெட்டுவிடும். ஊதுபத்தி கிடையாது, புகை ஆகாது. கண்ணை மூடி ஒரு சின்ன நிற்பு. பிறகு அளவு சரிபார்க்கும் வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றை எடுத்து, பஞ்சால் துடைத்து, இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பார். சாமி கும்பிட்டாயிற்றே என்று ஒரு தடவையைக்கூட அவர் குறைத்து நான் பார்த்ததில்லை.

அவர் எம்.எஸ்ஸி. வேதியியல். சேவூர்ப் பக்கம் தோட்டம் துரவுள்ள குடும்பம். எங்கள் சாயப்பட்டறை ஆய்வகத்துக்கு அவர்தான் தலைமை. நானும் வேதியியல்தான். வயதில் அவரைவிடப் பத்து வருடம் மூத்தவன், பதவியில் கீழே. ஷேடு பார்ப்பது, அதாவது கேட்ட நிறமும் சாயம் ஏறிய நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, என் வேலை. இயந்திரம் தடுமாறும் இடத்தில் என் கண்ணைக் கேட்பார்கள். பதினெட்டு வருடமாக இந்த ஊரில் என் சோறு என் கண்ணில்தான் இருக்கிறது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என்னைப்போல் பெட்டியோடு இங்கே வந்து இறங்கியவர்களுக்கு இது தெரிந்ததுதான். திருப்பூரில் ஒரு மனிதனை அறிந்துகொள்ள முதலில் கேட்கிற கேள்வி, 'உங்க கோயில் எதுங்க?' என்பதுதான். வாடகைக்கு வீடு கேட்டுப் போன முதல் நாளே வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, வாயில் அறிவு வழிந்துகொண்டிருந்த காலம். "எனக்குக் கோயில் எல்லாம் கிடையாது சார்" என்றேன். அவர் முகம் அப்படியே வாடிவிட்டது.

"அடடா, இடிஞ்சு போச்சுங்களா?"

"இல்லை, நம்பிக்கை இல்லை."

"அதெல்லாம் நம்பிக்கய உட்றாதீங்க. எடுத்துக் கட்டீரலாமுங்க" என்று தோளைத் தட்டி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, ஊட்டுக்கு வாங்க, காப்பி குடிக்கலாம் என்றார். நான் கடவுளை மறுத்ததற்கு இந்த ஊரில் கிடைத்த முதல் பதில் காப்பி.

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். கண் எட்டுகிற தூரம் சிவந்த மணல், நடுவே பனை, ஒரு மேட்டில் சாஸ்தா. களவாட வந்தவர்களைச் சாஸ்தா வெட்டிப்போட்டதில்தான் மண் சிவந்தது என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். கல்லூரி இரண்டாம் வருடம் அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு என்று தெரிந்தது. எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை இன்றுவரை வேறெதுவும் தரவில்லை. பங்குனி உத்திரத்துக்கு ஊர் போய், பொங்கல் பானைகள் கொதிக்கும் இடத்தில், அத்தனை சொந்தத்துக்கும் நடுவில் நின்று, "இது ரத்தம் இல்லை, துரு" என்று முழங்கினேன். அப்பா அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடி வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அப்பாவோ பூசாரி பக்கம் திரும்பி, "கேட்டியாவே, எம்மவன் பேசுத பேச்ச? படிச்சிட்டாம்லா!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கோயிலில் மணி அடித்தது. என் கலகம் வெல்லத்தோடு கரைந்து பொங்கலில் போய்விட்டது. அன்றைக்கு முதல் நான் சாஸ்தாவைக் கும்பிடவில்லை. அப்பா செத்த பிறகும் போகவில்லை.

ஆனால் ஒன்றை இந்த ஊருக்கு வந்துதான் கண்டுகொண்டேன். நான் நம்பாமல் இருந்தது ஒரு குறிப்பிட்ட ஆளை. அந்த மேட்டில், அந்தப் பனைகளுக்கு நடுவில், கையில் செண்டுக் கோலோடு உட்கார்ந்திருக்கும் அவரை. அவரை மறுக்க எனக்கு உரிமை இருந்தது. அவர் என் வீட்டு ஆள். இங்கே உள்ள அம்மன்களையும் கருப்பராயன்களையும் மறுக்க நான் யார்? அடுத்த வீட்டுக்காரனோடு சண்டை போடவாவது அவன் பெயர் தெரிய வேண்டாமா? நம்பாமல் இருப்பதற்கும் ஓர் ஊர் வேண்டியிருக்கிறது. ஊரைவிட்டு வந்தவன் தன் நம்பிக்கையின்மையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறான். இங்கே நான் நாத்திகன்கூட இல்லை. வெறும் வெளியூர்க்காரன்.

அதனால் மகேஸ்வரியைப் பார்த்தால் எனக்கு எரியும். மறைப்பானேன், பொறாமைதான். பி.எச். அளவு புள்ளி இரண்டு தவறினால் ஒரு தொட்டித் துணியையே நிறுத்திவிடுகிறவர், அமாவாசை அன்று பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வருவார். ஒன்றுக்கொன்று இடிக்காதா என்று நானும் பல வருடம் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு சரக்கு திரும்பி வந்த நாளில் நான் இரவெல்லாம் புரண்டுவிட்டு வருவேன். அவர் வெள்ளிக்கிழமை கோயிலில் போய் அம்மனிடம் சண்டை போட்டுவிட்டு முகம் தெளிந்து வருவார். அவருக்குக் கோபித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தது. எனக்கு இரும்பு ஆக்சைடு இருந்தது.

போன தை மாதம் அவர் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துச் சோதித்த அறிக்கையை என் மேஜையில் வைத்தார். சந்தேகத்துக்குரிய செல்கள், தள்ளிப்போடாமல் எடுத்துவிடுவது நல்லது என்று இருந்தது. டாக்டர் நாளும் குறித்துவிட்டார்.

"படிச்சீங்களாண்ணா?"

"படிச்சேன் மேடம். உடனே பண்ணிரலாம். நல்லாயிரும்."

"பண்ணீரலாமுங்க. பூக் கேட்டுட்டுப் பண்ணீரலாம்."

பூக் கேட்பது இந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை.

"சிவப்பு வந்தா?"

"அடுத்த அமாவாசைக்கு மறுபடி கேக்கோணும்."

"அதுவும் சிவப்பு வந்தா?"

அவர் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. பாதிக்குப் பாதி, நாணயத்தைச் சுண்டுவதுபோல, ஒரு படித்த பெண் தன் கழுத்தை வைத்து விளையாடுகிறாரே. அதை அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்களும் கூட வரோணுமுங்ணா" என்றார். பூவை எடுக்கிற கை பங்காளி கையாகவும் இருக்கக்கூடாதாம், மாமன் மச்சான் கையாகவும் இருக்கக்கூடாதாம். அந்தச் சாமிக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஆள் வேண்டும். வெளியூர்க்காரன் என்பதற்கு இந்த ஊரில் முதன்முதலாக ஒரு வேலை கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. காங்கேயத்துக்கு இந்தப் பக்கம், கொப்பரை காயும் களங்களைத் தாண்டி, அவர்கள் குலத்து அம்மன். மகேஸ்வரியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, மனசுல ஒண்ணும் நெனைக்காம எடுங்க" என்றார். பூசாரி பூவைச் சுற்ற இலையைத் தேடியபோது மகேஸ்வரி பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். பனியனை மடிக்கும்போது உள்ளே வைப்போமே, அந்த மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாள். "இதுல கட்டுங்க, சுத்தமா இருக்குது." பூசாரி கழுவிய அரளியை ஈரத்தோடு அதில் சுற்றினார். திரைக்குப் பின்னால் குலுக்கித் தட்டில் வைத்து நீட்டினார்.

அங்கிருந்த யாருக்கும் இரண்டும் ஒன்றுதான். கருவறை இருட்டு, ஒற்றை விளக்கு. ஆனால் ஈரம் பட்ட தாள் கண்ணாடியாகிவிட்டிருந்தது. வலது பொட்டலத்தின் மடிப்பில், நகக்கண் அளவுக்கு, வெள்ளைக்குள் இளஞ்சிவப்பின் ஒரு மூச்சு. ஸ்பெக்ட்ரோவாக இருந்தால் இரண்டாவது தடவை பார்த்திருக்கும். எனக்கு ஒரு தடவை போதும்.

இடதை எடுத்தேன். வெள்ளை அரளி. மகேஸ்வரியின் அம்மா குலவையிட்டார். மகேஸ்வரி தரையில் விழுந்து கும்பிட்டு, எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. அவர் கைகள் உதறிக்கொண்டிருந்தன. எனக்கோ உள்ளுக்குள் ஒரே இறுமாப்பு. அம்மனை ஏமாற்றிவிட்டேன். ஓர் உயிரை அறிவால் காப்பாற்றிவிட்டேன். திரும்பி வரும்போது களங்களில் கொப்பரை எனக்காகவே மினுமினுத்தது.

மறுநாள் மனம் கேட்கவில்லை. ஆய்வகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். தாள்ல தெரிஞ்சுது. பாத்துத்தான் எடுத்தேன்."

"தெரியுமுங்ணா."

"என்ன தெரியும்?"

"உங்க கண்ணுக்குத் தெரியுமுன்னு தெரியும். அதுக்குத்தானுங்க டிஷ்யூப் பேப்பர் கொண்டாந்தது, உங்களையும் கூட்டீட்டு வந்தது."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் சோதனைக் குடுவைகளைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"துணி வாங்கற பையருக்குச் சாம்பிள் அனுப்பறமே, கறை பட்ட எடத்தையாங்ணா வெட்டி அனுப்பறோம்? நல்ல எடமாப் பாத்துத்தானே."

"அப்போ அது சாமியை ஏமாத்துறது இல்லையா?"

"ஏமாத்தறதுன்னா எனக்கு ஏனுங்க கை அப்படி நடுங்குது? நீங்க செவப்பை எடுத்திருந்தீங்கன்னா நான் போயிருக்கமாட்டேன். சத்தியமா."

"என் கண்ணு தப்பாதுன்னு தெரிஞ்சும்?"

"உங்க கண்ணை ஒரு நிமிசம் மறைக்க அவளுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க? மறைக்கலையே. அதாங்ணா உத்தரவு." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "என்னமோ பறிகுடுத்தாப்பல உக்காந்திருக்கீங்க?"

பறிகொடுத்துத்தான் இருந்தேன். என் திருட்டையும் அவர் அம்மன் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். படிப்பும் பக்தியும் ஒரே மனதில் இருக்க முடியுமா என்று பட்டிமன்றத்தில் கேட்கிறார்கள். இருக்க முடியும், நான் பார்த்தேன். ஒன்றை இன்னொன்றுக்கு வேலைக்காரனாக்காமல், இரண்டையும் ஒரே குலுக்கலில், கை நடுங்க, ஒருத்தி தாங்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதைக்கூட அன்று இரவல் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அறுவைசிகிச்சை அன்று காலை ஆஸ்பத்திரி நடையில் அவர் வீட்டார் பதினைந்து பேர். குரல் நரம்பு பக்கத்தில் ஓடுகிறது, பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கதவு மூடியதும் ஆளுக்கொரு முணுமுணுப்பு தொடங்கியது. அவர் அம்மா வாய்விட்டு அம்மனைத் திட்டினார், கெஞ்சினார், மறுபடி திட்டினார். நான் மட்டும் சும்மா நின்றேன். புள்ளிவிவரங்கள் எனக்குத் தெரியும். அவற்றிடம் கெஞ்ச முடியாது. இரண்டு மணி நேரம் கழித்து, என் கை தானாக ஊரிலிருக்கும் அண்ணனை அழைத்தது.

"அண்ணே, கோயிலுக்குப் போவியா? ஒரு அர்ச்சனை வைக்கணும்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் குறைந்தது. பிறகு, "யாருக்குல?"

"கூட வேலை பாக்குறவங்களுக்கு. ஆபரேசன்."

"அவுகளுக்கு அவுக சாமி இருக்கும்லா?"

"இருக்கு."

"பொறவு என்ன?"

எனக்குத்தான் இல்லை என்று எப்படிச் சொல்வது. "மகேஸ்வரின்னு சொல்லு" என்றேன். நட்சத்திரம் கேட்டான். தெரியாது என்றேன். பைக்கைக் கிளப்பும் சத்தம் கேட்டது. "வைக்காத, லைன்லயே இரு" என்று சட்டைப் பைக்குள் போனைப் போட்டுக்கொண்டான். தேரியின் காற்று என் காதில் அடித்தது. பிறகு செருப்பைக் கழற்றும் ஓசை. பூசாரியிடம் அவன் பேசுவது அரைகுறையாகக் கேட்டது. போனைக் கையில் எடுத்துத் தாழ்ந்த குரலில் கேட்டான்:

"கூடவே உம்பேரையும் சொல்லிரட்டுமால? ரொம்ப வருசமாச்சு."

நான் சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கி, கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், குரல் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். "முழிச்சுட்டாங்க. பேசறாங்க."

"ஆத்தா!" என்றார் அவர் அம்மா. பதினைந்து பேரும் சொல்லிவைத்தாற்போல் காங்கேயம் இருக்கும் கிழக்கே திரும்பிக் கைகூப்பினார்கள். நான் திரும்பியது தெற்கே. அங்கே சுவரில் தீயணைப்பு உருளை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. காதில் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த மணி. ஒரு கை போனைப் பிடித்திருந்தது. மற்றொரு கை மட்டும் நெஞ்சு வரைக்கும் எழும்பி வந்து, துணைக்கு ஆளில்லாமல் அங்கேயே நின்றது.